பதில் போனது, வார்டு மாறவில்லை: ஸ்டாஃபோர்டு மருத்துவமனை நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு வடக்கே இருக்கும் ஸ்டாஃபோர்டு, பெரிய ஊர் ஒன்றும் இல்லை. அங்குள்ள அரசு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட பாட்டை அந்நாடு மூன்று முறை விசாரித்தது. ஹெல்த்கேர் கமிஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு 2009 மார்ச்சில் அறிக்கை தந்தது. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் 2010 பிப்ரவரியில் ஓர் அறிக்கையும், 2013 பிப்ரவரி 6-இல் பொது விசாரணையின் இறுதி அறிக்கையும் தந்தார். கடைசி விசாரணை மட்டும் 139 நாள் கூடியது. பத்து லட்சம் பக்கம் ஆவணங்கள் புரட்டப்பட்டன. 1.3 கோடி பவுண்டு செலவாயிற்று. 290 பரிந்துரைகள் வந்தன.

இத்தனை செலவழித்துக் கண்டுபிடித்தவற்றில் பெரும்பகுதி ரகசியமே அல்ல. நோயாளிகளின் வீட்டார் அவற்றை ஏற்கெனவே கடிதமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவமனையும் பதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதங்கள் எங்கே போய் நின்றன என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். அதைப் புரிந்துகொள்ள முதலில் வார்டுக்குள் போக வேண்டும்.

கட்டிலைச் சுற்றி

ஃபிரான்சிஸின் முதல் விசாரணைக்கு 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் உறவினர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தார்கள். அவற்றில் மிகுதியாக வந்தது தவறான அறுவை சிகிச்சையோ தப்பான மருந்தோ அல்ல. கழிப்பறைக்குப் போக உதவி கேட்டுக் கிடைக்காததுதான். பெட்பேன் (படுக்கையிலேயே கழிக்க வைக்கும் பாத்திரம்) கேட்டு மணி அடித்தால் ஆள் வருவதில்லை. வந்து உட்கார வைத்துவிட்டுப் போனால் திரும்ப எடுத்துவிட ஆள் வருவதில்லை. சிறுநீரிலும் மலத்திலும் நனைந்த விரிப்பிலேயே மணிக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. நனைந்த துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து வந்த பிள்ளைகள் உண்டு. தொற்றுக்குப் பயந்து கழிப்பறையைத் தாங்களே கழுவியவர்களும் உண்டு.

இதை மனிதத்தன்மை சார்ந்த விஷயமாக மட்டும் பார்ப்பது போதாது. இது நேரடியாக மருத்துவ விஷயம். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் 80 வயதுப் பாட்டி இரண்டு முறை மணி அடித்து ஆள் வராமல் படுக்கையிலேயே நனைந்துவிட்டால், மூன்றாம் முறை நனையக் கூடாது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். உடலில் நீர் வற்றும். சிறுநீர்த் தொற்று வரும். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலைவிட மனக்குழப்பம் முந்திக்கொண்டு வருவது வழக்கம். குழப்பத்தில் தானாகவே கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார், விழுவார். இன்னொரு பக்கம் ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உரியும். அதன்மேல் உடல் எடையும் அழுத்தினால் படுக்கைப் புண். கடைசியில் மருத்துவக் குறிப்பில் "கீழே விழுந்தார்" என்றோ "நிமோனியா" என்றோ இருக்கும். வராத பெட்பேன் அங்கே எழுதப்பட்டிருக்காது.

சாப்பாடும் தண்ணீரும் இதே வழியில்தான் கெட்டன. தட்டு வந்தது. ஆனால் கைக்கு எட்டாத மேசையில் வைக்கப்பட்டது. உறையைப் பிரித்துக் கொடுக்க ஆளில்லை. நேரமானதும் தொடாத தட்டு அப்படியே எடுக்கப்பட்டது. ஒரு வார்டில் தட்டைக் கொண்டுவந்து வைப்பவரும் எடுத்துப் போகிறவரும் பெரும்பாலும் செவிலியர் அல்ல. "சாப்பிடவில்லை" என்ற செய்தி செவிலியருக்குப் போய்ச்சேர யாராவது பொறுப்பேற்றால்தான் போகும். ஸ்டாஃபோர்டில் அந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லை. நோயாளிகள் பூச்சாடித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற செய்திதான் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. படுக்கைக்கு இரண்டடி தள்ளி நிறைந்த ஜக்கும் காய்ந்த உதடுமாக அறிக்கை முழுக்க வரும் காட்சி அதைவிடச் சாதாரணமானது, அதனாலேயே அதைவிட மோசமானது.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுக்கு வேறு விதமான பட்டினி. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வாய்வழியாக எதுவும் தரக் கூடாது. சிகிச்சை அன்று ரத்தானால் உடனே சாப்பாடு கொடுத்து, மறுநாளுக்குப் புதிதாகக் கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே தொடர்ந்து நான்கு நாள்கள் அறுவை சிகிச்சை தள்ளிப்போய், ஒவ்வொரு நாளும் பெரும்பொழுது சோறு, தண்ணீர், வழக்கமான மாத்திரை எதுவுமின்றிக் கிடந்தவர்கள் இருந்தார்கள்.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு நெருடல் வரும். நம் அரசு மருத்துவமனைகளில் கஞ்சி ஊட்டுவதும், துணி மாற்றுவதும், டிரிப் தீர்ந்ததும் ஓடிப்போய் நர்ஸிடம் சொல்வதும் கூட இருக்கும் உறவினர் வேலைதானே? ஆம். அதனால்தான் இங்கே இதே குறை புகாராக எழுவதில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும் உறவினர் வெளியேறிவிட வேண்டிய பிரிட்டிஷ் வார்டில் செவிலியர் பற்றாக்குறை உடனே அம்பலமாகும். அட்டெண்டர் இல்லாமல் உள்ளே சேர்க்காத வார்டில் அது குடும்பத்தின் முதுகில் ஏறி மறைந்துவிடும்.

அவசரப் பிரிவும் நான்கு மணி நேரமும்

அப்போது என்.ஹெச்.எஸ். (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளுக்கு ஓர் இலக்கு இருந்தது. அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 98 சதவீதம் பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து, வீட்டுக்கு அனுப்ப வேண்டும் அல்லது வார்டில் சேர்க்க வேண்டும். இலக்கு தவறானதல்ல. அதற்கு முன் ஸ்ட்ரெச்சரிலேயே ராத்திரி முழுக்கக் கிடந்தவர்கள் ஏராளம். ஆனால் ஆள் போதாத இடத்தில் கடிகாரத்தை மட்டும் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபோர்டு சரியான சான்று.

வாசலிலிருந்தே கோளாறு. உள்ளே வருபவரில் யாரை முதலில் பார்ப்பது என்பதைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், வந்த 15 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, வலி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டாஃபோர்டில் பல நேரங்களில் அதைச் செய்தது வரவேற்பு மேசையில் இருந்த எழுத்தர். நெஞ்சுவலி என்று சொல்பவரின் முகம் வெளிறியிருப்பதை அவரும் பார்ப்பார். அந்த வெளிறலுக்கு என்ன பொருள் என்பது அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

அடுத்து, மூன்றரை மணி நேரம் கடந்த நோயாளிகள். இவர்களில் பலர் சுளுக்கு, சிராய்ப்பு என்று வந்தவர்கள். கெடு தவறிவிடும் என்று நிர்வாகம் நெருக்கும்போது, உள்ளே ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் எழுந்து வந்து சுளுக்குக்காரரைப் பார்த்து அனுப்புவார். உடல்நிலை மோசமானவரோ பரிசோதனையும் வலி மருந்தும் முடியாமலே பக்கத்து அவசர மதிப்பீட்டுப் பிரிவுக்குத் தள்ளப்படுவார். வாசல் தாண்டியதும் கடிகாரம் நின்றுவிடும், நோயாளியின் காத்திருப்பு நிற்காது.

அந்த மதிப்பீட்டுப் பிரிவில் இதயத்துடிப்பு மானிட்டர்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்ததை ஹெல்த்கேர் கமிஷன் கண்டது. காரணம் சோம்பல் அல்ல. அவற்றைப் பயன்படுத்தப் போதிய பயிற்சி அங்கிருந்த செவிலியர்களுக்குத் தரப்படவில்லை. எந்த ஒலி ஆபத்து, எந்த ஒலி ஒயர் கழன்றதால் வருவது என்று பிரித்தறியத் தெரியாத ஒருவர் கையில் மானிட்டர் ஓயாமல் கத்தும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். இரவில் அவசரப் பிரிவை நடத்தியது அனுபவம் குறைந்த இளம் மருத்துவர்கள். சந்தேகம் வந்தால் கேட்க மூத்தவர் பக்கத்தில் இல்லை.

இரண்டு மரணங்கள்

2006 ஏப்ரலில் மிதிவண்டி விபத்தில் அடிபட்ட 20 வயது இளைஞர் ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தார். விலா எலும்பில் கன்றிப்போயிருக்கிறது என்று வலி மாத்திரையோடு அனுப்பப்பட்டார். உண்மையில் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சில மணி நேரத்தில் இறந்தார். இடதுபக்க விலாவில் பலமாக அடிபட்ட இளைஞரிடம் முதலில் தேட வேண்டியதே மண்ணீரல்தான். இளம் வயதினரின் உடல் ரத்த இழப்பை வெகுநேரம் சமாளித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் கடைசிக் கட்டத்தில்தான் சரியும். எனவே ஒரே ஒரு அளவு சரியாக இருக்கிறது என்று அனுப்பாமல், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்த வழக்கில் பின்னால் நடந்தது இன்னும் கனமானது. மரண விசாரணையை ஒட்டி மருத்துவமனையின் மூத்த மருத்துவர் ஒருவரே சிகிச்சையைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை எழுதினார். மருத்துவமனையின் சட்டப் பிரிவு அதை மரண விசாரணை அதிகாரிக்கு அனுப்பவில்லை. தம் பிள்ளையின் சிகிச்சையைப் பற்றி உள்ளேயே ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார் என்பது பெற்றோருக்கு வெகுகாலம் தெரியாது.

2007 ஏப்ரலில் 66 வயதுப் பெண் ஒருவர் கீழே விழுந்து கையும் இடுப்பும் முறிந்து சேர்க்கப்பட்டார். நீரிழிவு நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்பவர். அது குறிப்பேட்டில் இருந்தது. குறிப்பேட்டைப் படித்திருக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் சொல்லவில்லை. ரத்தச் சர்க்கரை உரிய நேரத்தில் பார்க்கப்படவில்லை, இன்சுலின் தரப்படவில்லை. சேர்ந்த பதினோராம் நாளுக்குள் உயிர் போயிற்று. ஏழு ஆண்டு கழித்து, 2014-இல், நீதிமன்றத்தில் மருத்துவமனை குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது.

ஷிஃப்ட் ஒப்படைப்பு எங்கே சறுக்கும் என்று வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எலும்பு முறிவு வார்டில் ஒப்படைப்பு முழுக்க எலும்பைப் பற்றியே இருக்கும்: எந்தக் கை, எப்போது அறுவை சிகிச்சை, கட்டு எப்படி. உடன் இருக்கும் நோய்கள் ஒப்படைப்புத் தாளில் ஒரு மூலையில் இருக்கும். நோயாளி வார்டு மாறினால் அந்த மூலை முதலில் விடுபடும். தற்காலிகச் செவிலியர் வந்தால் அவருக்கு அந்தத் தாள்தான் எல்லாம், அதில் இல்லாத நீரிழிவு அவரைப் பொறுத்தவரை இல்லை. இதனால்தான் இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகிய மூன்றையும் சேர்க்கும் நிமிடத்திலேயே மருந்து அட்டையில் எழுதிவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வார்கள். மருந்து அட்டையில் ஏறிவிட்டால் தராத வேளை காலிக் கட்டமாகக் கண்ணில் படும்.

ஆட்கள் எப்படிக் குறைந்தார்கள்

2006-07 நிதியாண்டில் நிர்வாகம் 1 கோடி பவுண்டு மிச்சப்படுத்த முடிவெடுத்தது. அது மொத்த வரவுசெலவில் 8 சதவீதம் அளவு. 150-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. பின்னணியில் ஒரு பதவி ஆசை இருந்தது. 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற தகுதி கிடைத்தால் மருத்துவமனைக்கு நிதியிலும் நிர்வாகத்திலும் தன்னாட்சி கிடைக்கும். அதற்குக் கணக்குப் புத்தகம் திடமாக இருக்க வேண்டும்.

அதே காலத்தில் சிறு வார்டுகளை ஒன்றாக்கிப் பெரிய தளங்களாக மாற்றினார்கள். மருத்துவத் தளங்களில் தகுதி பெற்ற செவிலியர் 60, உதவியாளர் 40 என்றிருந்த விகிதம் 40-க்கு 60 எனக் கவிழ்ந்தது. உதவியாளர்கள் உழைக்காதவர்கள் அல்லர். நோயாளி சற்றே மூச்சு வாங்குகிறார், நேற்றைவிடப் பேச்சு குழறுகிறது என்பதைக் கவனித்து அதன் பொருள் தெரிந்து மருத்துவரைக் கூப்பிடும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. இந்த மாற்றத்தால் நோயாளிக்கு என்ன ஆபத்து என்று முன்கூட்டி யாரும் முறையாக மதிப்பிடவில்லை. பின்னால் கணக்கெடுத்தபோது 120 முழுநேரச் செவிலியர் பற்றாக்குறை என்று தெரிந்தது. புதியவர்களை எடுத்துப் பணியில் அமர்த்துவதும் ஆமை வேகத்தில் நடந்தது.

மிச்சம் பிடித்த சம்பளம் மாதக் கடைசியில் தாளில் தெரிந்துவிடும். குடிக்காத தண்ணீர் எந்தத் தாளிலும் வராது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று ஃபிரான்சிஸ் சொல்லவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த தாள் வேறு என்பதுதான் அவர் அறிக்கையின் சாரம்.

2008 பிப்ரவரி 1-இல் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் தகுதியும் கிடைத்தது. வழங்கிய 'மானிட்டர்' என்ற அமைப்பு நிதியைத் துருவிப் பார்த்தது. சிகிச்சைத் தரத்தை மற்ற அமைப்புகள் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது. அடுத்த மாதமே ஹெல்த்கேர் கமிஷன் அதே மருத்துவமனையில் விசாரணையைத் தொடங்கியது. ஒரு கண்காணிப்பாளர் மாலை போட்ட கழுத்தில் இன்னொருவர் கை வைத்த கதை. இரு அமைப்புகளும் தங்களுக்குள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணோடு சண்டை

2007-இல் டாக்டர் ஃபாஸ்டர் என்ற அமைப்பு வெளியிட்ட இறப்பு விகிதத்தில் இந்த மருத்துவமனை 127 பெற்றது. நோயாளிகளின் வயது, நோய், சேர்ந்த விதம் ஆகியவற்றை வைத்து இத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணித்து, உண்மையில் இறந்தவர்களை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வருவது இந்த எண். 100 என்றால் நாட்டின் சராசரி.

நிர்வாகத்தின் முதல் எதிர்வினை: எங்கள் நோய்க் குறியீடுகள் சரியாகப் பதிவாகவில்லை. இது வெறும் சாக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நெஞ்சுத் தொற்றோடு வந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறும் இதயப் பலவீனமும் இருந்து அவை பதிவாகாவிட்டால், எதிர்பார்க்கும் இறப்பு குறைவாகவும் விகிதம் அதிகமாகவும் காட்டும். பிரச்சினை, குறியீட்டைத் திருத்துவதோடு நின்றுவிட்டதுதான். இறந்தவர்களில் வரிசையாக 50 பேரின் கோப்புகளை எடுத்து, சம்பந்தமில்லாத இரண்டு மூத்த மருத்துவர்களிடம் கொடுத்துத் தனித்தனியே படிக்கச் சொல்லியிருந்தால் சில வாரங்களில் விடை கிடைத்திருக்கும். பின்னர் ஹெல்த்கேர் கமிஷன் பார்த்தபோது, 2005 முதல் 2008 வரை அவசரமாகச் சேர்ந்தவர்களிடையே இறப்பு எதிர்பார்த்ததைவிட 27 முதல் 45 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. "400 முதல் 1,200 பேர் அநியாயமாகச் செத்தார்கள்" என்ற வாசகம் இன்றும் சுற்றுகிறது. அந்த எண் கமிஷனின் இறுதி அறிக்கையில் இல்லை. இத்தகைய விகிதத்திலிருந்து தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களை எண்ணிச் சொல்ல முடியாது என்று ஃபிரான்சிஸும் தெளிவாகவே சொன்னார். எண் ஒரு புகைமணி. எங்கே தீ என்று போய்ப் பார்க்கத்தான் அது.

புகார் போன பாதை

இனி அந்தக் கடிதங்கள். மகள் எழுதுகிறார்: அம்மாவுக்கு இரவில் பெட்பேன் தரவில்லை, காலை வரை ஈரத்தில் கிடந்தார். கடிதம் புகார்ப் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து வார்டு பொறுப்பாளருக்கு. அவர் விளக்கம் எழுதுவார். 25 வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும் என்பது அன்றைய விதி. பதிலில் வருத்தம் இருக்கும், ஊழியர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது என்றிருக்கும், நடவடிக்கைத் திட்டம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். கோப்பு மூடப்படும். சில வாரங்களில் அதே வார்டிலிருந்து அதே புகார், அதே வகைத் திட்டம். முந்தைய திட்டம் நடந்ததா என்று யாரும் வார்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

மேலே உள்ள இயக்குநர் வாரியத்துக்குப் போனது எண்ணிக்கை மட்டும்: இந்தக் காலாண்டில் இத்தனை புகார், இத்தனை சதவீதத்துக்குக் கெடுவுக்குள் பதில். அந்த மகள் என்ன எழுதினார் என்பது வாரியத்தின் மேசைக்கு வரவே இல்லை. கெடுவுக்குள் பதில் போய்விட்டால் அட்டவணையின் அந்தப் பத்தியில் பச்சை நிறம். ஈர விரிப்புக்குப் பத்தி கிடையாது.

ஒவ்வொரு புகாரையும் தனி மனிதரின் தனி வருத்தமாக நடத்தியதுதான் அடிப்படைப் பிழை. வந்த கடிதங்களையெல்லாம் தரையில் பரப்பி, எந்த வார்டு, எந்த நேரம், என்ன தேவை என்று மூன்றே மூன்று பத்தி போட்டிருந்தால் எந்தத் தளத்தில், எந்த ஷிஃப்டில் ஆள் போதவில்லை என்பது தானே வெளிப்பட்டிருக்கும். தேசிய நோயாளர் கருத்தாய்வில் பல கேள்விகளில் இந்த மருத்துவமனை நாட்டின் கடைசி 20 சதவீதத்துக்குள் இருந்தது. அதையும் யாரும் புகார்க் கோப்போடு சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

நோயாளிகளின் குரலுக்கென்றே இருந்த அமைப்புகளும் கைகொடுக்கவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இருந்த பழைய சமூக சுகாதாரக் குழுக்களை 2003-இல் கலைத்து மன்றங்கள் வைத்தார்கள், 2008-இல் அவற்றையும் கலைத்து வேறொன்று வைத்தார்கள். ஸ்டாஃபோர்டில் அவை உட்பூசலிலேயே காலம் கழித்தன. உள்ளூர்க் குடும்ப மருத்துவர்கள் விசாரணை அறிவிக்கப்பட்ட பிறகுதான் வாய் திறந்தார்கள்.

கதவைத் திறந்தது ஒரு மகள். 2007 நவம்பரில் 86 வயதுத் தாயை 11-ஆம் வார்டில் இழந்த ஜூலி பெய்லி, சிற்றுண்டிக் கடை நடத்தியவர். தாய்க்குத் துணையாக வாரக்கணக்கில் குடும்பத்தார் முறை வைத்து இரவும் பகலும் அங்கே இருந்ததால் மற்ற கட்டில்களில் நடப்பதையும் பார்த்திருந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கடையில் கூடியவர்கள் ஒருவர் கதையை ஒருவர் கேட்டபோதுதான் எல்லாம் ஒரே கதை என்று தெரிந்தது. மருத்துவமனைக்குள் நடந்திருக்க வேண்டிய கூட்டல் கணக்கு அந்தக் கடையில் நடந்தது. 'க்யூர் தி என்.ஹெச்.எஸ்.' என்ற குழு அப்படித்தான் உருவாயிற்று.

உள்ளிருந்து சொன்னவர்களும் இருந்தார்கள். அவசரப் பிரிவுச் செவிலியர் ஹெலீன் டோனலி ஏறத்தாழ 100 முறை நிகழ்வு அறிக்கை பதிவு செய்தார். நோயாளி வெளியேறிய நேரத்தை மாற்றி எழுதும்படி மேற்பார்வைச் செவிலியர்கள் நெருக்கியதைப் புகாராகவே கொடுத்தார். சக ஊழியர்களின் மிரட்டலால் இரவு வேலை முடிந்து காருக்குத் தனியாக நடக்கவே பயந்ததாகச் சாட்சியம் சொன்னார். அவர் குறிப்பிட்ட இரண்டு மேற்பார்வையாளர்களும் 2013-இல் செவிலியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

பிறகு

பழைய நிர்வாகத்திடமிருந்து மருத்துவமனை 2014 நவம்பர் 1-இல் கைமாறியது. மருத்துவமனை அண்டை நிர்வாகத்தின் கீழ் 'கவுண்டி ஹாஸ்பிடல்' என்ற பெயரில் நடக்கிறது. அதற்கு முன்பே 2011 டிசம்பரிலிருந்து அவசரப் பிரிவு இரவில் மூடப்பட்டிருந்தது. சேவைகள் குறைக்கப்படும் என்றதும் 2013 ஏப்ரலில் ஊர் திரண்டு பேரணி நடத்தியது. உங்களால்தான் ஆஸ்பத்திரி போகிறது என்ற கோபம் பெய்லி மேல் திரும்பியது. அவர் தாயின் கல்லறை சேதப்படுத்தப்பட்டது. கடையை விட்டு, ஊரையும் விட்டுப் போனார். புகார் சொன்னவரை ஊரே வெறுப்பது இங்கிலாந்திலும் உண்டு.

சட்டத்தில் வந்த முக்கிய மாற்றம், 2014 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த உண்மை சொல்லும் கடமை. சிகிச்சையில் குறிப்பிடத்தக்க தீங்கு நேர்ந்தால் மருத்துவமனையே நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ நேரில் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, தெரிந்ததை எழுத்திலும் தர வேண்டும். மண்ணீரல் வழக்கில் நடந்தது இனி நடந்தால் அது சட்ட மீறல்.

ஆள் கணக்குக்கும் வழிகாட்டி வந்தது. நைஸ் என்ற அமைப்பு 2014 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டியில் பகல் ஷிஃப்டில் ஒரு பதிவுபெற்ற செவிலியர் 8 நோயாளிகளுக்கு மேல் பார்த்தால் தீங்கு அதிகரிக்கும் என்றது. அதைவிடப் பயனுள்ளவை அதில் வந்த சிவப்புக் கொடிகள்: வலி மருந்து 30 நிமிடத்துக்கு மேல் தாமதம், உடல் அளவுகள் திட்டப்படி எடுக்கப்படாமை, வார்டில் இரண்டுக்கும் குறைவான பதிவுபெற்ற செவிலியர். இவற்றில் ஒன்று நடந்தால் அந்த ஷிஃப்டிலேயே பொறுப்பாளர் கூடுதல் ஆள் கேட்க வேண்டும். நோயாளியின் அனுபவத்தை நிமிடத்தில் அளக்கும் அளவாக மாற்றிய வகையில் 290 பரிந்துரைகளில் பலவற்றைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து. மற்ற பிரிவுகளுக்கும் இதுபோல் எழுதும் பணியை 2015-இல் நிறுத்திவிட்டார்கள்.

குடும்பத்தார் புகார் எழுதும்போதும் இந்த அளவுதான் உதவும். "சரியாகக் கவனிக்கவில்லை" என்று எழுதினால் "வருந்துகிறோம்" என்று பதில் வரும். தேதி, வார்டு, கட்டில் எண், எத்தனை மணிக்குக் கேட்டோம், யாரிடம், எத்தனை மணிக்கு வந்தார்கள், அதற்குள் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று வரிவரியாக எழுத வேண்டும். நடக்கும்போதே செல்போனில் குறித்துக்கொள்வது நல்லது, இரண்டு நாள் கழித்து நேரம் நினைவிலிருக்காது. ஒரு கடிதத்தில் ஒரு நிகழ்வு போதும். பத்து ஆத்திரத்தை அடுக்கினால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி மூடிவிடுவார்கள். இதே வார்டில் சென்ற ஆறு மாதத்தில் இதே வகைப் புகார் எத்தனை என்றும், அதற்கு எடுத்த நடவடிக்கை நடந்ததை யார், எந்தத் தேதியில் சரிபார்த்தார் என்றும் கேட்டால், பதில் எழுதுபவர் பழைய கோப்பை எடுத்தே ஆக வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் அதோடு மருத்துவக் குறிப்புகளின் நகலையும் எழுத்தில் கேட்கலாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளிக் குறிப்புகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மனுவில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் நேரமும் வாங்கிக்கொண்டால்தான் அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்குச் சான்று இருக்கும்.